எண்ணியபடி

ஜூன் 3, திங்கள்

தம்பியைப் பற்றித் தினமும் இரண்டு வரி எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் இமானுவேல். தூக்கம், சாப்பாடு, பேச்சு, அவ்வளவு போதுமாம். லேபிலிருந்து கொண்டுவந்த நோட்டு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

யுவராஜ், வயது முப்பத்தெட்டு. மோட்டார் பம்ப் பட்டறையில் பதினாறு வருடம் காயில் வைண்டிங், அதாவது செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் வேலை, பார்த்தவன். இரண்டு வருடமாக வேலைக்குப் போகவில்லை. சிங்காநல்லூரில் என்னுடன் இருக்கிறான். மனச்சோர்வு நோய். மூன்று விதமாக மாத்திரை மாற்றியாயிற்று. ஏன் வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெண் விவகாரமா, குடியா, பட்டறையில் ஏதாவது சண்டையா? ஒன்றும் இல்லை. ஒரு சித்திரை மாதக் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை, அதுதான் நடந்தது.

இன்று காந்தத் துடிப்புச் சிகிச்சையின் முதல் சிட்டிங். பல் டாக்டரிடம் இருப்பது போன்ற நாற்காலி. எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டது போல ஒரு காந்தக் காயில். ஷீபா சிஸ்டர் அதை அவன் உச்சந்தலைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்துப் பார்த்தார். நாலாவது துடிப்பில் வலது கட்டை விரல் தானாகத் துள்ளியது. அவன் அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு காயிலை இடது முன்நெற்றிக்கு நகர்த்தி, காதில் பஞ்சு அடைப்பான் வைத்து, அரை மணி நேரம் கொடுத்தார்கள். டக் டக் டக் என்று நாலு விநாடி சத்தம். பிறகு நிறுத்தம். மறுபடி சத்தம். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், முப்பது சிட்டிங்.

முடிந்ததும் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"இதுக்குள்ள எத்தனை சுத்து சுத்தியிருக்காங்க, சிஸ்டர்?"

"தெரியாது சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்று சிரித்தார் ஷீபா.

ஒரு மாதத்தில் அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

சிட்டிங் 2. தூங்கினேன் என்றான். நான் பார்த்தவரை மூன்று முறைதான் எழுந்தான்.

இந்தச் சிகிச்சை பற்றி எனக்குத் தெரிய வந்ததே எங்கள் லேபால்தான். பத்தொன்பது வருடமாக அங்கே டெக்னீஷியன். எலியின் மூளையை உறையவைத்து, முடியை விட மெல்லிய துண்டுகளாக வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது என் வேலை. தமயந்தி மேடத்தின் இப்போதைய ஆராய்ச்சி காந்தத் துடிப்பு பற்றியது. நரம்பு செல்களுக்கு அது என்ன செய்கிறது என்று நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள். அவற்றைச் சுற்றியிருக்கும் கிளையா செல்களுக்கு என்ன ஆகிறது என்று அவ்வளவாகத் தெளிவில்லை. கிளையா என்றால் கிரேக்கத்தில் பசையாம். நரம்பு செல்லுக்குத் தீனி போடுவது, குப்பை அள்ளுவது, இடத்தில் பிடித்து வைப்பது எல்லாம் இவைதான்.

பதினாறு எலி. எல்லாவற்றையும் கொஞ்ச நாள் தொந்தரவில் வைத்திருந்து, பிறகு எட்டுக்கு உண்மையான துடிப்பு, எட்டுக்கு வெறும் சத்தம் மட்டும். குப்பை அள்ளும் கிளையா, அமைதியாக இருக்கும்போது மெல்லிய கிளைகள் விரித்திருக்கும். தொந்தரவு வந்தால் கிளைகளை இழுத்துக்கொண்டு உருண்டு போகும். சாயத்தில் பழுப்பாகத் தெரியும். உருண்டவை எத்தனை, விரிந்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணுபவருக்கு எது எந்த எலி என்று தெரியக் கூடாது என்பதற்காகத் தகடுகளில் ரகசிய எண் ஒட்டியிருக்கிறது. எண்ணுவது இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று ரிஸ்வானா. மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி, வீடு கரும்புக்கடையில்.

இன்று ஆறு தகடு முடித்தேன். சில துண்டுகளில் குறுக்கே மெல்லிய கீறல். வெட்டிய அன்று பிளேடு பிசிறாக இருந்தது. எண்ணிக்கைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஜூன் 5, புதன்

சிட்டிங் 3. இரண்டு இட்லி. பேச்சு இல்லை.

ஜூன் 7, வெள்ளி

சிட்டிங் 5. வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஃபார்ம் நிரப்ப வேண்டும். ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. கூட்டினால் இருபத்தேழு வரை வரலாம். முதல் நாள் டாக்டர் அவனிடமே கேட்டு நிரப்பினார், இருபத்தொன்று வந்தது. இன்று அவன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

"நீயே போடுக்கா. உனக்குத் தெரியாததா?"

போட்டேன். பதினெட்டு. டாக்டர் இமானுவேல் தலையாட்டினார். "முதல் வாரத்துக்கு நல்லாவே இருக்குதுங்க" என்றார். வரும் வழியில் தேங்காய் பன் வாங்கினோம்.

ஜூன் 10, திங்கள்

சிட்டிங் 6. பஸ்ஸில் திடீரென்று கேட்டான்.

"நீ எண்ணுற செல்லுக்கும் இந்தக் காயில் பட்டா கரண்ட் பாயுமா?"

நேராகப் பாய்ந்து துடிக்க வைப்பது நரம்பு செல்லைத்தான், அது துடிப்பதைப் பக்கத்திலிருக்கும் இவை உணர்ந்துகொள்ளும் என்று சொல்கிறார்கள், நேராகவும் ஏதாவது ஆகிறதா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டார்ல காப்பர்தான் வேலை செய்யுதுன்னு எல்லாரும் நெனப்பாங்க. சுத்தி இருக்கற பேப்பரு, வார்னிஷ், அது போச்சுன்னா காப்பர் அரை நிமிசத்துல கருகிப் போயிரும். கருகுன மோட்டாரப் பிரிச்சா மொதல்ல வார்னிஷ் வாசந்தான் வரும்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி ஒரு வருடம் இருக்கும்.

ஜூன் 12, புதன்

சிட்டிங் 8. காற்று பலமாக அடிக்கிறது, நடுநடுவே சாரல். துணியை மாடியில் போட்டுவிட்டு வா என்றால் வாளியைப் படிக்கட்டு முனையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறான். சோம்பல். மற்றபடி நல்ல முன்னேற்றம்.

என் தோழி சகுந்தலா மூன்று முறை போன் செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 14, வெள்ளி

சிட்டிங் 10. சிகிச்சை அறையிலிருந்து வந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எட்டு வடிவக் காயிலை வரைந்தான். கம்பி எந்தப் பக்கம் உள்ளே போய் எந்தப் பக்கம் வெளியே வரும் என்று அம்புக்குறி போட்டிருந்தான். ஃபார்மில் 'எதிலும் ஆர்வமின்மை' என்ற கேள்விக்கு ஒன்று போட்டேன். மொத்தம் பதினைந்து. காலண்டர் தாளை டாக்டரிடம் காட்டினேன்.

லேபில் நாற்பத்தெட்டுத் தகடு முடிந்தது. சில தகடுகளில் உருண்ட செல்கள் குறைவாகத்தான் இருக்கின்றன. பார்த்தவுடனே தெரிகிறது. கிளைகள் அழகாக விரிந்திருக்கின்றன.

ஜூன் 18, செவ்வாய்

சிட்டிங் 11. நேற்று பக்ரீத் விடுமுறை. ரிஸ்வானா எங்கள் இருவருக்கும் பிரியாணி கொண்டு வந்தாள். யுவராஜ் நன்றாகச் சாப்பிட்டான். எனக்கு வயிறு சரியில்லை, என் பங்கையும் அவனுக்கே வைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

சிட்டிங் 14. ஃபார்ம் பதினொன்று. பாதிக்குப் பாதி குறைந்துவிட்டால் சிகிச்சை பலிக்கிறது என்று கணக்காம். கிட்டத்தட்ட வந்துவிட்டோம். "இப்படியே போனா மாத்திரைய மெல்லக் குறைச்சிடலாமுங்க" என்றார் டாக்டர். யுவராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம்.

ஜூன் 25, செவ்வாய்

சிட்டிங் 16. எங்கள் இருவர் எண்ணிக்கையையும் மேடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்கு முன் ரகசிய எண்களைப் பிரித்திருந்தார். என் எண்ணிக்கையில், துடிப்பு வாங்கிய எலிகளுக்கு உருண்ட செல்கள் நூற்றுக்குப் பதினெட்டு குறைவு. ரிஸ்வானாவின் எண்ணிக்கையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"ஒரே தகடு, ஒரே மைக்ராஸ்கோப். எப்படி இது?" என்று கேட்டார் மேடம்.

ரிஸ்வானா என் முகத்தைப் பார்த்தாள். நான் பத்தொன்பது வருடமாக எண்ணுகிறவள்.

"அவ புதுசுங்க மேடம். பாதி உருண்டது எது, முழுசா உருண்டது எதுன்னு கண்ணுக்குப் பழகணும்" என்றேன்.

உண்மைதான். பழகத்தான் வேண்டும்.

ஜூன் 26, புதன்

சிட்டிங் 17. ரிஸ்வானா முதலிலிருந்து எண்ணுகிறாள். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்து வரவில்லை. நானும் சாப்பிடவில்லை, பசி இல்லை. தகடு எண் பத்தைப் பற்றி என்னிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, இது உருண்டதா, இல்லையா? எனக்கு இப்ப எதைப் பார்த்தாலும் சந்தேகமா இருக்கு."

குனிந்து பார்த்தேன். உருண்டதுதான். பக்கத்தில் கீறல் ஓடியது.

"விரிஞ்சதுதான்" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

சிட்டிங் 19. ஃபார்ம் ஒன்பது.

ஜூன் 30, ஞாயிறு

இன்று எழுதத்தான் வேண்டும்.

காலையில் அரிசி பருப்பு சாதம் வைத்தேன். நிறையத் துணி சேர்ந்திருந்தது. வாளியை அவனிடம் கொடுத்து, "இன்னைக்காவது மாடி வரைக்கும் கொண்டு போய்ப் போடு கண்ணு. டாக்டரே நீ பாதி நல்லாயிட்டேன்னு சொல்லிட்டார்" என்றேன். வாளியை வாங்கிக்கொண்டான். நாலு படி ஏறினான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னை மாடிக்கு அனுப்பாதக்கா."

"ஏன்?"

"அந்தக் கைப்பிடிச் சொவரு ரொம்பக் குட்டையா இருக்குது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். தையிலிருந்து என்றான். சிட்டிங் ஆரம்பித்த பிறகு குறையவில்லையா என்று கேட்டேன். சில நாள் குறைகிறது, சில நாள் இல்லை என்றான்.

"அந்தப் படம் வரைஞ்சியே?"

"கை பழக்கம். பதினாறு வருசம் சுத்துன கை, அது பாட்டுக்குப் போகுது. மனசு அங்க இல்ல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, யுவா."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ வாரா வாரம் நான் நல்லாயிட்டு வர்றேன்னு எழுதிக் குடுக்கற. அவரும் சந்தோசமா வாங்கி வெச்சுக்கறார். பஸ்ஸுல வர்றப்ப உன்ற மொகத்தப் பாக்கறேன். அன்னைக்கு ஒருநாள்தான் நீ பன்னு திங்கற. இனி நான் போய் இல்லைன்னு சொன்னா, ரெண்டு பேர்த்தையும் ஏமாத்துன மாதிரி ஆயிருமேன்னு இருந்துச்சு."

வாளித் தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டே இருந்தது. துணியைக் கொல்லையில் கயிறு கட்டிக் காயப் போட்டோம். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு மாணிக்கத்தம்மாளிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். பிறகு சொல்கிறேன் என்றேன். டாக்டருக்குப் போன் செய்தேன். எடுத்தார். யுவராஜிடம் பத்து நிமிடம் பேசினார். நாளை காலை முதல் ஆளாக வரச் சொன்னார், அதுவரை அவனைத் தனியாக விட வேண்டாம் என்றார்.

ஜூலை 1, திங்கள்

நான் நிரப்பிய நாலு ஃபார்மும் பொய் என்று டாக்டரிடம் சொன்னேன். பொய் என்ற வார்த்தையைத்தான் சொன்னேன். அவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"கூட இருக்கறவங்க அப்படித்தானுங்க பார்ப்பாங்க. தப்பு எங்க மேலயும் இருக்குது. அவருகிட்ட நானே கேட்டிருக்கணும்" என்றார்.

யுவராஜை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் பேசினார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். உண்மையான எண் இருபது. ஆரம்பித்த இடத்திலிருந்து ஒன்றே ஒன்று குறைந்திருக்கிறது.

மாத்திரையைக் குறைப்பதாக இருந்ததை நிறுத்தி, ஒன்றை மாற்றினார். இனி இடது பக்கத் துடிப்போடு வலது பக்கமும் விநாடிக்கு ஒன்றாக மெதுவாகக் கொடுப்பார்கள். ஆறு சிட்டிங் கூடுதல், மொத்தம் முப்பத்தாறு. மூன்று வாரம் வீட்டில் எப்போதும் யாராவது கூட இருக்க வேண்டும். மனசு மோசமானால் யாருக்கு முதலில் போன், யாருக்கு இரண்டாவது போன் என்று அவன் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்தார். முதலில் டாக்டர் பெயர். இரண்டாவதாகப் பட்டறை முதலாளி கதிர்வேலண்ணன். நான் மூன்றாவது.

நியாயம்தான்.

ஜூலை 2, செவ்வாய்

சிட்டிங் 21. லேபுக்குப் போகவில்லை. கதிர்வேலண்ணன் காலையில் வந்து யுவராஜோடு உட்கார்ந்திருந்தார். புத்தி சொல்லவில்லை. செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நேற்றிலிருந்து கீறலைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

சிட்டிங் 22. காலையில் மேடம் அறைக்குப் போனேன். ரிஸ்வானாவையும் கூப்பிடச் சொன்னேன். அவள் இல்லாமல் சொன்னால் அது பாதிதான் சொன்னதாகும்.

சொன்னதை அப்படியே எழுதுகிறேன். துடிப்பு வாங்கிய எட்டு எலியின் மூளையையும் ஒரே நாளில் வெட்டினேன். அன்று பிளேடு பிசிறு. அதனால் அந்த எட்டின் துண்டுகளில் மட்டும் கீறல் இருக்கிறது. முதல் தகட்டிலேயே எனக்கு அது தெரியும். ரகசிய எண் எனக்கு ஒருநாளும் ரகசியமாக இல்லை. கீறல் இருந்தால், சந்தேகமான செல்லையெல்லாம் விரிந்த பக்கம் எண்ணினேன். கீறல் இல்லாவிட்டால் உருண்ட பக்கம். வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டால் இல்லை என்று சொல்லத்தான் வருகிறது. ஆனால் போன புதன்கிழமை ரிஸ்வானா காட்டிய செல், தகடு எண் பத்து, அது உருண்டது. தெரிந்தே மாற்றிச் சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் பூங்கோதை? இந்த ஆராய்ச்சி எப்படி வந்தா உங்களுக்கென்ன?"

"தம்பி அந்த நாற்காலியில உக்காந்திருக்கறானுங்க மேடம்."

மேடம் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். என் எண்ணிக்கை முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்றார். ஒரே நாளில் ஒரு கூட்டத்தை மட்டும் வெட்டியதே தவறு, அதைத் தானும் கவனித்திருக்க வேண்டும் என்றார். துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். இந்த ஆராய்ச்சியில் இனி நான் எண்ணக் கூடாது. வெட்டுவது, சாயம் ஏற்றுவது மட்டும்.

ரிஸ்வானா வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள்.

"ஒரு வாரமா எனக்குக் கண்ணு சரியில்லையோன்னு நெனச்சிட்டு இருந்தேன்க்கா. நேத்து கண் டாக்டர்கிட்டயே போயிட்டு வந்தேன்."

"மன்னிச்சுக்கோ, ரிஸ்வானா."

"இப்ப என்னால எதுவும் சொல்ல முடியலைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்னை 'ங்க' போட்டுப் பேசுவது இதுதான் முதல் தடவை.

ஜூலை 5, வெள்ளி

சிட்டிங் 24. ஃபார்மை அவனே நிரப்பினான். நான் பார்க்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சிட்டிங் 26. மெதுவான துடிப்பு அவனுக்குப் பிடித்திருக்கிறதாம். "இது சுத்தியல் சத்தம் மாதிரி இல்ல, யாரோ கதவத் தட்டிட்டு நிக்கற மாதிரி இருக்குது" என்றான். நல்ல அறிகுறியா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் அவன் சொன்னான்.

காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டான். மத்தியானம் அழுதான். இரண்டையும் எழுதுகிறேன்.

ஜூலை 12, வெள்ளி

சிட்டிங் 29. லேபில் ரிஸ்வானாவும் வேறு துறையிலிருந்து வந்த ஒருவரும் எண்ணி முடித்துவிட்டார்கள். கீறல் தெரியாதபடி படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்திருந்தார்களாம். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப் போகிறது. உருண்டவை, விரிந்தவை இரண்டிலும் வித்தியாசம் இல்லை. நட்சத்திரம் போலிருக்கும் இன்னொரு வகைக் கிளையாவில் மட்டும் சாயம் கொஞ்சம் அழுத்தமாக ஏறியிருக்கிறது. அதுகூடத் துடிப்பால் வந்ததா, அன்றைய சாயத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

ரிஸ்வானா என் மேசைக்கு வந்து அந்தத் தாளை வைத்தாள்.

"நீங்க பாக்கணும்னு தோணுச்சு."

பார்த்தேன். ரொம்பச் சுத்தமாக எண்ணியிருக்கிறாள். அதைச் சொன்னேன்.

"அடுத்த செட் வெட்டறப்ப ரெண்டு கூட்டத்தையும் கலந்து வெட்டிக் குடுங்க அக்கா. வரிசையை நான் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தர்றேன்."

அக்கா என்றாள்.

ஜூலை 15, திங்கள்

சிட்டிங் 30. எலிக்குப் பலன் தெரியவில்லை என்றால் தம்பிக்கு? டாக்டரிடம் கேட்டேவிட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார். உங்கள் எலிக்குக் கொடுத்த அளவு வேறு, நாள் வேறு, மூளை வேறு. இந்தச் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது, எல்லோருக்கும் இல்லை. எந்தச் செல்லின் வழியாகப் பலன் வருகிறது என்பது இன்னும் முழுசாகத் தெரியாது. "அவரு எப்படி இருக்காருங்கறத அவருகிட்டத்தான் கேக்கணும், எலிகிட்ட இல்லைங்க" என்றார்.

மாணிக்கத்தம்மாளிடம் மாடிச் சாவியை ஏன் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர்கள் ஒன்றும் கேட்காமல் சாவியை நகைப்பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

ஜூலை 18, வியாழன்

சிட்டிங் 32. நேற்று ஆடி ஒன்று. கதிர்வேலண்ணன் வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் கொடுத்தனுப்பியிருந்தார்கள். யுவராஜ் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ஏலக்காய் போதவில்லை என்றான். குறை சொல்லும் அளவுக்கு ருசி தெரிந்திருக்கிறது. இப்படி எழுதிவிட்டு யோசிக்கிறேன், நான் மறுபடியும் எண்ண ஆரம்பித்துவிட்டேனோ? ஏலக்காய் குறைவாகத்தான் இருந்தது.

ஜூலை 22, திங்கள்

சிட்டிங் 34. அரை மணி நேரம் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். எதையும் தொடவில்லையாம். வார்னிஷ் வாசம் தலைவலி தந்ததாம். வெள்ளிக்கிழமை மறுபடி போவானாம்.

சகுந்தலாவின் போன் வந்தது. எடுக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஜூலை 24, புதன்

சிட்டிங் 36. கடைசி.

ஷீபா சிஸ்டர் அவனுக்கு ஒரு சீட்டு கொடுத்தார். காயில் கம்பெனிக்காரர்களிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார், பக்கத்துக்கு ஒன்பது சுற்றாம். யுவராஜ் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். யுவராஜ் தானே நிரப்பிய ஃபார்ம் பதின்மூன்று. இது முழுக் குணமில்லை, பாதியும் இல்லை, ஆனால் உண்மையான இறக்கம் என்றார். மாடிச் சுவர் நினைப்பு எப்படி என்று நேராகவே கேட்டார். "வருதுங்க. வந்தா போன் பண்ணிடறேன். போன வாரம் ஒருக்கா கதிர்வேலண்ணனுக்குப் பண்ணினேன்" என்றான் யுவராஜ். எனக்கு அது தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்.

எழுந்திருக்கப் போனேன். யுவராஜ் எழவில்லை.

"டாக்டர், இன்னொன்னு. அக்கா ஒரு வருசமா சரியாத் தூங்கறதில்லைங்க. சாப்பிடறதும் இல்ல. அவங்க பிரண்டு போன் பண்ணினா எடுக்கறதில்ல. மாமா பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகல."

"அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க டாக்டர், வேலை அதிகம்" என்றேன்.

டாக்டர் இமானுவேல் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப நல்லாத் தூங்கினீங்க?"

போன வாரம் என்று சொல்ல வந்தேன். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக இந்த நோட்டில் அவன் தூக்கத்தை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறை அவன் எழுந்தபோதும் நான் விழித்துக்கொண்டிருந்ததால்தான் அதை எழுத முடிந்தது.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

பிறகு அழுகை வந்துவிட்டது. யுவராஜ் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார், அவரும் அவசரப்படுத்தவில்லை.

நாளை, வியாழக்கிழமை, பத்து மணிக்கு என் பெயருக்கு டோக்கன் போட்டிருக்கிறார்கள். யுவராஜ் கூட வருகிறானாம். மேடத்துக்குப் போன் செய்து அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.